வால் எந்தப் பக்கம்? வானியல் கேள்வி-பதில்

2024 அக்டோபரிலும் 2025 ஜனவரியிலும் தென்னாப்பிரிக்க வானில் வெறுங்கண்ணுக்கே தெரிந்த இரண்டு வால்வெள்ளிகளைப் பற்றி வாசகர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்திருக்கின்றன. கண்ணால் கண்டதும் படத்தில் விழுந்ததும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் கேள்வி. வால்வெள்ளியின் தோற்றத்தில் வானத்தின் பங்கு ஒன்று, நம் கண்ணின் பங்கு ஒன்று, கேமராவின் பங்கு ஒன்று என மூன்றும் கலந்தே நமக்குக் கிடைக்கின்றன. எந்தப் பங்கு எதனுடையது என்று பிரித்துப் பார்க்கும் வழியை இம்முறை எல்லாப் பதில்களிலும் சொல்ல முயன்றிருக்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகி): ஐயா, 2025 ஜனவரியில் அட்லஸ் வால்வெள்ளியை எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தோம். என் கண்ணுக்கு வெளிறிய ஒரு தீற்றல் மட்டுமே தெரிந்தது. என் மகன் அதே இடத்திலிருந்து கைபேசியில் எடுத்த படத்தில் மஞ்சள் நிறத் தலையும் நீண்ட வாலும் இருந்தன. இரண்டில் எதை நம்புவது?

பதில்: இரண்டுமே உண்மையில் ஒரு பகுதியைத்தான் காட்டுகின்றன, அம்மா. மங்கிய ஒளியில் நம் விழித்திரையின் கூம்புச் செல்கள் ஏறக்குறைய வேலை செய்வதில்லை. கோல் செல்களே பார்க்கின்றன. கோல் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. ஆகவே வாலில் எந்த நிறம் இருந்தாலும் அது உங்கள் கண்ணுக்குச் சாம்பலாகவே படும். கேமராவின் உணரிக்கு இந்தக் குறை இல்லை. ஒளியைச் சில நொடிகள் சேர்த்துவைக்க அதனால் முடியும். நம் கண்ணோ ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மேல் எதையும் சேர்த்துவைப்பதில்லை.

ஆனாலும் கண்ணை இவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டாம். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். மாடியில் நின்றுகொண்டு இடையிடையே மகனின் கைபேசித் திரையைப் பார்த்திருந்தால், ஒவ்வொரு முறையும் அந்தப் பழக்கம் கலைந்து முதலிலிருந்து தொடங்கியிருக்கும். அடுத்தது, நேராகப் பார்க்கும் வழக்கம். விழித்திரையின் நட்டநடுவில் கோல் செல்களே கிடையாது. மங்கலான வாலை நேருக்கு நேர் உற்றுப் பார்த்தால் அது மறையும்; 10 அல்லது 15 டிகிரி தள்ளி வேறோர் இடத்தைப் பார்த்தபடி கவனத்தை மட்டும் வாலின் மேல் வைத்தால் அது நீண்டு தெரியும். கையை முழுதாக நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால், அந்த முட்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. எவ்வளவு தள்ளிப் பார்ப்பது என்பதற்கு அந்த அளவு போதும்.

இன்னொன்றும் உண்டு. அசையாமல் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஓரத்தில் இருக்கும் மங்கிய பொருள்கள் சில நொடிகளில் கண்ணிலிருந்து கரைந்துவிடும். இதை 1804-இல் டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் விளக்கினார். 'இப்போதுதான் வால் தெரிந்தது, அதற்குள் மறைந்துவிட்டது' என்று பலர் எழுதியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாலுக்கு அந்த நொடியில் ஒன்றும் நேரவில்லை. பார்வையை மெல்ல இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டே இருந்தால் அது கரையாது.

இனி மகனின் படத்துக்கு வருவோம். அந்த மஞ்சளை முழுதாக நம்ப வேண்டாம். தொடுவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில் இருக்கும் பொருளின் ஒளி, உச்சியில் இருக்கும் பொருளின் ஒளியைக் காட்டிலும் ஐந்து மடங்குக்கும் மேலான காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் மிஞ்சும். டர்பனின் ஜனவரி மாத ஈரக்காற்று இதை இன்னும் கூட்டும். அதன்மேல் கைபேசி தன் போக்கில் நிறச்சமன் செய்கிறது. அந்திச் சிவப்பைக் கண்டதும் எதை வெள்ளை என்று கொள்வது என்பதை அதுவே முடிவுசெய்கிறது. சூரியனை நெருங்கிப் போகும் வால்வெள்ளிகளில் சோடியம் உண்மையாகவே மஞ்சள் ஒளி வீசுவதுண்டு. ஆனால் அதை நிறமாலைக் கருவியால்தான் உறுதிசெய்ய முடியும்; கைபேசிப் படத்தை வைத்து முடிவுகட்ட முடியாது. வாலின் நீளத்தைப் பொறுத்தவரை கேமரா சொல்வதே சரி. அது இல்லாத வாலை வரையவில்லை. உங்கள் கண்ணால் எட்ட முடியாத அளவுக்கு மங்கிய பகுதியையும் சேர்த்துக் காட்டியிருக்கிறது.

கேள்வி (அதே வாசகி): படங்களில் பல வால்வெள்ளிகளின் தலை பச்சையாக இருக்கிறதே, அதுவும் கைபேசியின் வேலையா?

பதில்: இல்லை. அந்தப் பச்சை உண்மையானது. தலையிலிருந்து வெளிவரும் வாயுவில், இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு சூரிய ஒளி பட்டுப் பச்சையாக ஒளிர்கிறது. அதே சூரிய ஒளி அந்த மூலக்கூறை வாலுக்குப் போய்ச் சேருமுன்பே உடைத்தும்விடுகிறது. ஆகவே பச்சைத் தலையை நம்பலாம். பச்சை வாலைக் காட்டும் படம் கண்ணில் பட்டால், படத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்): வால்வெள்ளியின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமே நீளும் என்று பள்ளியில் படித்தேன். 2024 அக்டோபர் நடுவில் நான் எடுத்த படத்தில் வழக்கமான வாலோடு, சூரியன் மறைந்த பக்கமாகவும் ஊசிபோல ஒரு மெல்லிய வால் நீட்டிக்கொண்டிருக்கிறது. லென்ஸில் பட்ட ஒளியா, அல்லது பாடப்புத்தகம் தவறா?

பதில்: லென்ஸும் தவறு செய்யவில்லை, புத்தகமும் தவறில்லை. உங்கள் படத்தில் விழுந்திருப்பது எதிர்வால். இந்தப் பகுதிக்கு வந்த படங்களிலேயே என்னை மிகவும் மகிழ்வித்தது அதுதான்.

சூச்சின்ஷான்-அட்லஸ் என்ற அந்த வால்வெள்ளியைச் சீனாவின் பர்பிள் மவுண்டன் வானாய்வகமும், நம் வடக்கு கேப் மாகாணத்தின் சதர்லாந்தில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியும் 2023-இன் தொடக்கத்தில் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. அது 2024 செப்டம்பர் 27 அன்று சூரியனை மிக நெருங்கியது. அக்டோபர் 12 அன்று பூமிக்கு மிக அருகில், சுமார் 7 கோடி கிலோமீட்டர் தொலைவில் வந்தது. அக்டோபர் 14-ஐ ஒட்டி, அது சுற்றும் பாதையின் தளத்தைப் பூமி குறுக்காகக் கடந்தது. விஷயம் முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது.

வால்வெள்ளியிலிருந்து வெளியேறும் துகள்களில் மிக நுண்ணியவற்றைச் சூரிய ஒளியின் அழுத்தம் வேகமாக அப்பால் தள்ளிவிடும். நாம் வழக்கமாகக் காணும் வால் அது. சற்றுப் பெரிய துகள்களை அந்த அழுத்தத்தால் அவ்வளவு தள்ள முடியாது. அவை மெல்லப் பின்தங்கி, வால்வெள்ளி வந்த பாதையின் தளத்திலேயே தட்டையாகப் பரவிக் கிடக்கும். பந்தியில் விரித்த வாழையிலையை மேலிருந்து பார்த்தால் அகலம். தரையில் தலைவைத்துப் படுத்து விளிம்பு வழியாகப் பார்த்தால் அது வெறும் கோடு. அந்தத் துகள் படலமும் அப்படித்தான். மற்ற நாட்களில் அது அகலமாகப் பரவி, கண்ணுக்கே படாத அளவுக்கு மெலிந்திருக்கும். அதன் தளத்தைப் பூமி கடக்கும் ஓரிரு நாட்களில் மட்டும் அதை விளிம்பு வழியாகப் பார்க்கிறோம். அகலத்தில் பரவியிருந்த தூசி முழுவதும் ஒரே கோட்டில் அடுக்கித் தெரிவதால் அது ஒளிர்கிறது. அந்தத் தூசியின் ஒரு பகுதி நம் பார்வைக் கோணத்தில் சூரியன் இருக்கும் திசையில் விழும்போது, வால் சூரியனை நோக்கி நீள்வதுபோல் தோன்றுகிறது. எந்தத் துகளும் சூரியனை நோக்கிப் பாய்ந்துவிடவில்லை. நாம் நிற்கும் இடம் தரும் தோற்றம்தான் இது.

1957 ஏப்ரலில் ஆரெண்ட்-ரோலண்ட் வால்வெள்ளி காட்டிய எதிர்வால் வானியல் வரலாற்றில் பெயர் பெற்றது. அப்போதும் சில நாட்கள்தான் அது ஊசிபோல நின்றது. தங்கள் படம் அக்டோபர் நடுவில் எடுத்தது என்பதால் எனக்கு ஐயமே இல்லை. இருந்தாலும் சோதித்துப் பார்க்க விரும்பினால், அதே மாலையில் கேமராவைச் சற்றுத் திருப்பி எடுத்த வேறு படங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். லென்ஸுக்குள் பிறந்த கோடாக இருந்தால், கேமராவைத் திருப்பும்போது விண்மீன்களுக்கு நடுவே அதன் இடம் மாறும். வானத்தில் இருப்பதாக இருந்தால் மாறாது.

கேள்வி (டோங்காட் வாசகர்): சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன். சூரியன் இறங்கிய இடம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கரும்புத் தோட்டத்து ஓரத்தில் நிற்கும் ஒரு மரத்துக்குப் பின்னால். வாலை நேராகக் கீழே நீட்டினால் அந்த மரத்துக்கு வரவேண்டும் அல்லவா? அதற்கு இடப்புறமாக அல்லவா போகிறது?

பதில்: இடப்புறமாகத்தான் போகவேண்டும். இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறீர்களே என்று மகிழ்கிறேன்.

தென் அரைக்கோளத்தில் மேற்கு நோக்கி நின்றால் சூரியன் வலப்புற மேலிருந்து இடப்புறக் கீழாகச் சாய்ந்து இறங்கும். தொடுவானத்தைத் தாண்டிய பிறகும் அதே சாய்வில்தான் போகும். நம் குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் அட்சரேகை ஏறக்குறைய 30 டிகிரி தெற்கு. முக்கால் மணி நேரத்தில் சூரியன் தொடுவானுக்குக் கீழே சுமார் 10 டிகிரி இறங்கியிருக்கும். கூடவே மரத்திலிருந்து 5 அல்லது 6 டிகிரி இடப்புறம், அதாவது தெற்குப் பக்கமாக நகர்ந்துமிருக்கும். வால் பின்னோக்கிக் காட்டுவது சூரியன் மறைந்த இடத்தை அல்ல; அந்த நேரத்தில் சூரியன் இருக்கும் இடத்தை.

இதற்குப் பிறகும் மிச்சம் இருக்கும் விலகல் இரண்டு காரணங்களால் வரலாம். தூசி வால் உண்மையிலேயே வளைந்தது; வெவ்வேறு நாட்களில் வெளியேறிய துகள்கள் வெவ்வேறு அளவு பின்தங்குவதால் அந்த வளைவு. நேராக நிற்பது, மின்னேற்றம் பெற்ற வாயுவாலான நீல நிற அயனி வால் மட்டுமே; திசை பார்க்க வேண்டுமானால் அதைத்தான் பார்க்கவேண்டும். மற்றொரு காரணம் நம் மனம். வானத்தில் நீண்டு போகும் நேர்கோட்டை நாம் வளைவாகவே உணர்கிறோம். மாலையில் பிறைநிலவின் ஒளிரும் பக்கம் சூரியனுக்கு நேராக இல்லாமல் அதற்கு மேலே காட்டுவதுபோல் தோன்றுவதும் இதனால்தான். ஒரு நூலின் இரு முனைகளையும் இரு கைகளால் இழுத்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி நிலவையும் சூரியனையும் அதன்மேல் பொருத்திப் பாருங்கள், கோணல் மறைந்துவிடும். 20 அல்லது 30 டிகிரி நீண்ட வாலுக்கும் இதே நூல் சோதனை பொருந்தும்.

அகன்ற கோண லென்ஸில் எடுத்த படத்தை மட்டும் இந்தச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம். அத்தகைய லென்ஸ்கள் ஓரங்களில் உருவத்தை இழுத்து நீட்டும். வாலின் நுனி படத்தின் மூலையில் விழுந்திருந்தால் அதன் நீளமும் வளைவும் மிகைபட்டிருக்கும்.

கேள்வி (பீனிக்ஸ் வாசகர்): தஞ்சாவூரில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகன் அதே அக்டோபர் வால்வெள்ளியின் படத்தை அனுப்பியிருந்தார். அங்கே வால் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது, இங்கே வலப்புறம் நன்றாகச் சாய்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்று திருப்பப்பட்ட படமா?

பதில்: இரண்டும் சரியான படங்களே. தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 டிகிரியில் இருக்கிறது, டர்பன் தெற்கே 30 டிகிரியில். மேற்கு நோக்கி நிற்பவருக்கு, இந்த இரண்டு ஊர்களின் வானங்களும் சுமார் 40 டிகிரி திரும்பியிருக்கும். தங்கள் படத்தை 40 டிகிரி இடப்புறம் சுழற்றினால் தஞ்சாவூர்ப் படத்தோடு விண்மீன்கள் ஒவ்வொன்றாகப் பொருந்தும். குடும்பத்துக்குள் இப்படி ஒரு சோதனை செய்ய எல்லாருக்கும் வாய்க்காது. அவசியம் செய்து பாருங்கள்.

கேள்வி (லெனேசியா வாசகி): தொடுவானத்தை நெருங்க நெருங்க வால்வெள்ளி பெரிதாகிக்கொண்டே போனதே?

பதில்: பெரிதாகவில்லை. எழும் முழுநிலவு பெரிதாகத் தெரியும் அதே மயக்கம்தான் இது. கூரைகளும் மரங்களும் அருகில் வரும்போது நம் மனம் வானத்துப் பொருளின் அளவைக் கூட்டிச் சொல்கிறது. ஜூம் அளவை மாற்றாமல் முன்னும் பின்னுமாக இரண்டு படம் எடுத்து அளந்தால் தெரிந்துவிடும். உண்மையில் தாழ்ந்து போகப்போக வாலின் மங்கிய நுனியைக் காற்று விழுங்குவதால், படத்தில் அது குறுகியே இருக்கும்.

கேள்வி (கேப் டவுன் வாசகர்): மேசை மலைக்கு மேலே, மலையைவிடப் பெரிதாக வால்வெள்ளி நிற்கும் படம் ஒன்று கைபேசிக் குழுக்களில் சுற்றியது. உண்மையில் அப்படித் தெரிய வாய்ப்புண்டா?

பதில்: அளவை மட்டும் பார்த்தால் வாய்ப்புண்டு. பலர் 'இவ்வளவு பெரிதாக இருக்கவே முடியாது' என்ற ஒரே காரணத்தால் நல்ல படங்களையும் பொய் என்று தள்ளிவிடுகிறார்கள். ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

முழுநிலவின் அகலம் அரை டிகிரி. 5 டிகிரி நீளமுள்ள வால் என்றால் பத்து நிலவுகளை வரிசையாக வைத்த நீளம். மேசை மலையின் உயரம் 1,085 மீட்டர். 5 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அது 12 டிகிரி உயரம் நிற்கும். வால் அதன் பாதிக்கும் குறைவு. 30 கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பார்த்தால் அதே மலை 2 டிகிரிக்குள் ஒடுங்கிவிடும். வால் மட்டும் அதே 5 டிகிரிதான், ஏனெனில் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அதற்கு நம் 25 கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. இப்போது வால் மலையைப்போல் இரண்டரை மடங்கு. 200 மில்லிமீட்டர் லென்ஸ், பழைய ஃபிலிம் அளவு உணரி கொண்ட முழுச்சட்டக் கேமராவில் சுமார் 10 டிகிரி அகலத்தைக் காட்டும். அதில் எடுத்தால் வால் படத்தின் பாதி அகலத்தை நிறைக்கும். லென்ஸ் எதையும் பெரிதாக்கிப் பொய் சொல்லவில்லை. எடுத்தவர் தொலைவில் போய் நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் திசையையும் பார்க்கவேண்டும். பொய்ப் படங்கள் பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. அஞ்சலட்டைகளில் நாம் காணும் மேசை மலைக் காட்சி ப்ளூபர்க் கடற்கரையிலிருந்து எடுத்தது. அங்கிருந்து மலை ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. சூரியனையொட்டி அந்தியில் தெரியும் வால்வெள்ளி ஜனவரியில் மேற்கு-தென்மேற்கில், கடலுக்கு மேலேதான் நிற்கும். அந்தத் தட்டையான மலைமுகட்டின் நட்டநடுவில் அது நின்றால், இரண்டு படங்களை ஒட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். தாங்கள் சொல்லும் படத்தில் மலை எந்தப் பக்கத்திலிருந்து தெரிகிறது என்று பாருங்கள். விடை அதில் இருக்கிறது.

கேள்வி (மெரீபேங்க் வாசகர்): என் படத்தில் வால்வெள்ளி இல்லாத இடத்தில் பச்சையாக, சிறு வாலோடு ஒரு ஒளி இருக்கிறது. இரண்டாவது வால்வெள்ளியா?

பதில்: படத்தின் மற்றொரு மூலையில் தெருவிளக்கு இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். விளக்கிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு போடுங்கள். நடுவுக்கு அந்தப் பக்கம் அதே தொலைவில் அந்தப் பச்சை ஒளி இருந்தால், லென்ஸ் கண்ணாடிகளுக்குள் எதிரொளித்து விழுந்த விளக்கின் நிழலுரு அது. கைபேசி லென்ஸ்களில் இது மிகவும் சாதாரணம். லென்ஸின் மேல் விரல் எண்ணெய் படிந்திருந்தால் வாலும் சேர்ந்து முளைக்கும். சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எடுத்த படங்களில் இரட்டை உரு தோன்றுவதும் இதைப் போன்றதே.

இதே கடிதத்தில், தலையை உற்றுப் பார்த்தபோது அது மெல்ல அங்குமிங்கும் நகர்ந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இருண்ட பின்னணியில் தனியாக நிற்கும் ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஒப்பிட அருகில் வேறு பொருள் இல்லாததால் மூளை தடுமாறுகிறது. ஒரு கம்பத்தின் விளிம்போடு சேர்த்துப் பார்த்தால் அந்த அசைவு நின்றுவிடும். வானத்தில் நிமிடங்களுக்குள் உண்மையிலேயே நகர்ந்துபோகும் 'வால்வெள்ளி' என்றால், அது அந்தி வெயில் பட்ட விமானப் புகைத்தடம்.

கேள்வி (ஸ்டேங்கர் வாசகர்): முக்காலியில் வைத்து 30 நொடி எடுத்தால் எல்லாம் கோடாகிறது. பல படங்களை மென்பொருளில் அடுக்கினால் விண்மீன்கள் கூர்மையாக, வால்வெள்ளி மட்டும் கலங்கி நிற்கிறது. எது சரியான உரு?

பதில்: பூமி சுழல்வதால் வானம் இரண்டு நிமிடத்தில் ஒரு நிலவின் அகலம் நகர்கிறது. 30 நொடியில் கால் நிலவு. அதுதான் தங்கள் கோடு. பல படங்களை அடுக்கும்போது வேறொன்று நடக்கிறது. நாளொன்றுக்கு 4 டிகிரி நகரும் வால்வெள்ளி, விண்மீன்களுக்கிடையே மூன்று மணி நேரத்தில் ஒரு நிலவின் அகலம் விலகும். அரை மணி நேரப் படங்களை விண்மீன்களை வைத்துப் பொருத்தினால் வால்வெள்ளியின் தலை ஆறில் ஒரு நிலவளவு இழுபடும், வாலின் மெல்லிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று பூசப்பட்டுக் காணாமல் போகும். தலையை வைத்துப் பொருத்தினால் விண்மீன்கள் கோடாகும், வால் தெளிவாகும். வாலைப் படிக்க விரும்புபவர் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கவேண்டும். இரண்டையும் தனித்தனியே செய்து ஒன்றாக ஒட்டும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அழகாகவே இருக்கிறது, ஆனால் எந்த விண்மீன் வாலின் எந்த இடத்தில் இருந்தது என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒட்டியிருந்தால் அதைப் படத்தின் கீழேயே எழுதிவிடுவது நேர்மை என்று கருதுகிறேன்.

இந்தச் சிக்கலுக்கு நம் நாட்டிலேயே பெருமைக்குரிய முன்கதை ஒன்று உண்டு. 1882 செப்டம்பரில் பகலிலும் தெரிந்த பெரும் வால்வெள்ளியை, நன்னம்பிக்கை முனை அரச வானாய்வகத்தின் டேவிட் கில் படமெடுக்க விரும்பினார். மௌப்ரேயில் தொழில் செய்த ஆலிஸ் என்ற புகைப்படக்காரரின் உதவியோடு, ஆள் படம் எடுக்கும் சாதாரண லென்ஸ் பூட்டிய கேமராவைத் தொலைநோக்கியின் மேல் கட்டி, தொலைநோக்கி வானத்தைத் தொடர்ந்து செல்லும்படி நீண்ட நேரம் ஒளியேற்றினார்கள். படம் விழுந்த கண்ணாடித் தட்டைக் கழுவிப் பார்த்தபோது வால்வெள்ளியைச் சுற்றிலும் எதிர்பாராத அளவுக்கு விண்மீன்கள் விழுந்திருந்தன. விண்மீன் பட்டியலைப் புகைப்படத்தாலேயே தயாரிக்கலாம் என்ற துணிவு கில்லுக்கு அதிலிருந்து பிறந்தது. நெதர்லாந்து வானியலாளர் காப்டெயினோடு சேர்ந்து அவர் உருவாக்கிய பட்டியலில் தென்வானத்தின் 4,54,875 விண்மீன்கள் இடம்பெற்றன.

கேள்வி (லேடிஸ்மித் வாசகி): ஜனவரிக் கடைசியில் எடுத்த படத்தில் வால்வெள்ளியின் தலையையே காணோம். வாலில் மட்டும் விசிறிபோலக் கோடு கோடாக இருக்கிறது. குவியம் தவறிவிட்டதா?

பதில்: குவியம் தவறியிருந்தால் விண்மீன்களும் உப்பியிருக்கும். தங்கள் படத்தில் அவை புள்ளிகளாகவே இருப்பதால் கேமராவில் பழுதில்லை. 2025 ஜனவரி 13 அன்று சூரியனை நெருங்கிக் கடந்த அந்த வால்வெள்ளியின் தலை, அதற்கடுத்த வாரத்தில் மங்கிக் கரைந்துபோனது; அதன் கரு சிதைந்துவிட்டதன் அடையாளம் அது. ஏற்கெனவே வெளியேறிய தூசி மட்டும் வாலாக நின்றது. தாங்கள் எடுத்தது அதைத்தான்.

கோடுகளும் உண்மையே. 2007 ஜனவரியில் மெக்நாட் வால்வெள்ளி இதே போன்ற கோடுகளை வானத்தில் மிகப் பெரிய விசிறியாக விரித்தது. அப்போது மாலைகளில் வெளியே வந்து பார்த்த யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அதன் தலை தொடுவானுக்குக் கீழே இறங்கிவிட்ட வடநாடுகளில் கோடுகள் மட்டும் மேலே நீட்டிக்கொண்டு தெரிந்தன. அவற்றின் தலை எங்கே என்று தெரியாதவர் துருவ ஒளி என்றே எண்ணியிருப்பார். வாலுக்குள் போன பெரிய துகள்கள் பின்னர் உடைந்து நுண்தூசியாகிப் பரவுவதால் இந்தக் கோடுகள் உண்டாவதாக விளக்கம் சொல்லப்படுகிறது. விசித்திரமாக இருப்பதையெல்லாம் கண் மயக்கம் என்று தள்ளிவிட்டால் இத்தகைய நல்ல சான்றுகளை இழந்துவிடுவோம்.

கேள்வி (வெருலம் வாசகர்): எங்கள் கொள்ளுத்தாத்தா வடகரைத் தோட்டம் ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். 1910-இல் ஹாலி வால்வெள்ளியைப் பட்டப்பகலில் பார்த்ததாகத் தாத்தாவிடம் சொல்லியிருக்கிறார். ஹாலி பகலில் தெரிந்ததா?

பதில்: உங்கள் கொள்ளுத்தாத்தா பார்த்தது உண்மை. பெயரை மட்டும் பின்னால் வந்தவர்கள் மாற்றியிருக்கக்கூடும். 1910-இல் இரண்டு வால்வெள்ளிகள் வந்தன. ஜனவரி 12 அன்று விடியலுக்கு முன் டிரான்ஸ்வாலின் வைரச் சுரங்கத் தொழிலாளர்கள் ஒன்றை முதலில் கண்டார்கள். ஜனவரி 17 அன்று அது சூரியனுக்கு மிக அருகில் பகலிலேயே தெரிந்தது. ஜொகன்னஸ்பர்க் வானாய்வகத்தில் வானியலாளர் இன்னஸ் அதைப் பார்த்தார். ஹாலி சூரியனை நெருங்கியது ஏப்ரல் 20 அன்று. மக்கள் அதை நன்றாகக் கண்டது மே மாதத்தில். செய்தித்தாள்கள் நெடுநாள் முன்பிருந்தே ஹாலியின் பெயரைச் சொல்லிவந்ததால், ஜனவரியில் கண்டதையும் பலர் ஹாலி என்றே நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

குடும்பத்தில் இன்னும் ஏதாவது விவரம் மிஞ்சியிருந்தால் கேட்டுப் பாருங்கள். பகல் வெளிச்சம் என்றால் ஜனவரி வால்வெள்ளிதான். சூரியன் மறைந்தபின் மேற்கே வெள்ளிக் கிரகத்தோடு சேர்த்துப் பார்த்ததாகச் சொல்லியிருந்தாலும் அதுவே. அந்த ஜனவரியில் வெள்ளி மாலையில் தெரிந்தது. விடியற்காலையில் கிழக்கே, கூடவே வெள்ளி இருக்கப் பார்த்தது என்றால், அது மே மாதத்து ஹாலி. வெள்ளி அதற்குள் விடிவெள்ளியாக மாறியிருந்தது. கரும்பு வெட்டப் போகும் நேரத்தில் பார்த்தாரா, வேலை முடிந்து திரும்பும்போது பார்த்தாரா என்ற ஒரு செய்தி கிடைத்தாலும் போதும். எது என்று எழுதி அனுப்புகிறேன்.